பத்துச் செபத்துக்கு எத்தனை நிமிடம்

மச்சான்,

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் உன் மகளைப் பார்த்துக் கத்திவிட்டேன். வீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். பிள்ளை இடப்பள்ளித் துணிக்கடையில் காலை வேலை முடிந்து, இரண்டு பஸ் மாறி, கால் வீங்கி வந்திருந்தாள். மணிமாலையை எங்கேயோ வைத்துவிட்டு விரலில் எண்ணிக்கொண்டு, பாதித் தூக்கத்தில், ஒவ்வொரு செபத்தையும் இழுத்து இழுத்து மலையாளத்தில் சொன்னாள். நடுவில் நிறுத்தி, "அம்மா, இது ஏழா எட்டா?" என்று கேட்டாள். அக்கா கண்ணைத் திறக்காமலே, "சந்தேகம்னா ஏழுன்னு வச்சிக்க. ஒண்ணு கூடச் சொன்னா மாதா கோவிச்சிக்க மாட்டா" என்றாள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். "எட்டுன்னு வை! கூடச் சொல்லாத! எட்டுன்னு வை!"

பிள்ளை பயந்துபோய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் முன்னால் நீண்டு, ஒன்று மாற்றி ஒன்றாக, இல்லாத கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தன. சந்தில் சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரநெடி சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நீ போன இந்த எட்டு வருடத்தில் என்னிடம் கேட்காத ஒன்றைக் கேட்கப்போகிறாள் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை கேட்டாள். அதை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை நீ பார்த்தது கீழேயிருந்து, நான் பார்த்தது மேலேயிருந்து. என் பக்கத்தை நீ ஒருநாளும் கேட்டதில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

முத்துக்கும் சங்குக்கும் மூழ்கின காலத்திலிருந்தே நம் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மூழ்குகிறவனின் இடுப்புக் கயிற்றை மேலே இருந்து பிடிக்கிறவன், அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி ஆகாது, பங்காளி. சிநேகிதன் ஆகாது, சிநேகிதம் இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இராது. கூடப்பிறந்தவளைத் தாலியறுக்க மட்டும் எவனுக்கும் மனசு வராது என்று பெரியவர்கள் யோசித்து வைத்தது அது. நீ அதைத் தலைகீழாகச் சொல்லுவாய். "நல்லாக் கயிறு பிடிக்க ஒருத்தன் கிடைச்சான், அவனை விட்டுரக் கூடாதுன்னுதான் அவன் அக்காவைக் கட்டினேன்" என்பாய். அக்கா கரண்டியைத் தூக்குவாள்.

நாம் இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நீ எனக்கு ஒரு வகுப்பு மேலே. அக்கா கழுத்தில் நீ தாலி கட்டின மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, இனிமேல் அவரை 'நீங்க' என்று சொல்லு என்றாள். ஒரு வாரம் கஷ்டப்பட்டுச் சொன்னேன். "மச்சான், நீங்க சாப்பிட்டீங்களா?" என்று நான் கேட்டபோது நீ தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாய், சிரித்ததில் புரையேறிவிட்டது. அன்றோடு விட்டுவிட்டேன். அதனால்தான் இதையும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

கொச்சிக்கு வந்தபோது நமக்கு முத்தும் கிடையாது, சங்கும் கிடையாது. தோப்பும்படித் துறைமுகத்துக்கும் மட்டாஞ்சேரிக்கும் நடுவில் கட்டிக்கிடக்கும் விசைப்படகுகளின் அடியில் வேலை. எஞ்சின் சுழற்றுகிற காற்றாடியில் வலை சுற்றிக்கொண்டால் கீழே போய் அறுத்துவிட வேண்டும். அடிப்பலகையில் ஒட்டின சிப்பியைச் சுரண்ட வேண்டும். காற்றுக்குழாய் கிடையாது, ஒன்றும் கிடையாது. முகத்துக்கு ஒரு கண்ணாடி, கையில் கத்தி, இடுப்பில் கட்டைவிரல் கனத்தில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனையில் நான்.

கைக்கடிகாரம் இந்த வேலைக்கு ஆகாது என்பது உன் கட்சி. "வாட்ச்சைப் பாக்குறவன் கயித்தைப் பாக்க மாட்டான்" என்பாய். அதனால் ஊரில் செய்கிற மாதிரியே செய்தோம். நீ மூழ்கினதும் நான் 'அருள் நிறைந்த மரியே' தொடங்குவேன். இரண்டு கையிலும் கயிறு இருப்பதால் மணிமாலை பிடிக்க முடியாது; மனசில்தான் எண்ணிக்கை. பத்து முடிந்தால், நீ சைகை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இழுத்துவிட வேண்டும். நடுவில் நான் ஒரு இழுப்பு இழுத்தால் 'சுகமா' என்று அர்த்தம். நீ ஒரு இழுப்பு இழுத்தால் 'சுகம்'. இரண்டு இழுத்தால் 'தூக்கு'. இதற்கு மேல் நமக்குள் பாஷை வேண்டியிருக்கவில்லை.

முதல் வருடம் நீ மேலே வரும்போதெல்லாம் கேட்ட கேள்வி எனக்கு மறக்காது. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூக்கைச் சிந்திவிட்டு, "ஒரு மணி நேரம் ஆயிருக்குமா மாப்ள?" என்பாய். நான் ஆறு செபம்தான் சொல்லியிருப்பேன். "என்னலே சொல்லுத, ஆறுதானா?" என்று நம்பாமல் பார்ப்பாய். பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் இருக்கும் அந்தத் தண்ணீருக்குள் உன் கையே உனக்குத் தெரியாது. தடவித் தடவித்தான் வேலை. பொரி வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பாய். எர்ணாகுளத்துக்குப் போகிற பயணிகள் படகு தூரத்தில் போனால் அதன் எஞ்சின் உன் நெஞ்சுக்குள் ஓடுமாம். ஒருநாள் மேலே வந்ததும் முகத்தைக்கூடத் துடைக்காமல், "பிள்ளை அழுதாளே, யாரு தூக்கினா?" என்று கேட்டாய். பிள்ளை அன்றைக்குப் பள்ளுருத்தியில் நம் அத்தை வீட்டில் இருந்தாள். சாயங்காலம் போய் விசாரித்தால், காலையில் கட்டிலிலிருந்து விழுந்து அழுதாளாம். அத்தை சொன்ன நேரமும் நீ கீழே இருந்த நேரமும் ஒத்துப்போயின. அதைப் பற்றி நாம் அதற்குப் பிறகு பேசவில்லை. பேசினால் மறுநாள் இறங்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மேலே எனக்கும் அந்த முதல் வருடம் அப்படித்தான் நீளமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லும் வாயில் கல் மாதிரி கிடந்து புரளும். எதிர்க்கரையில் ஒருத்தன் பீடி பற்றவைத்தால், அவன் குச்சி உரசுவதும் அணைப்பதும் எனக்கு ஒரு கதை மாதிரி ஓடும். பத்தாவது செபம் முடியும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும். பிறகு எப்போதோ அது மாறிப்போயிற்று. எந்த நாளில் என்று சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் தடவை, இரண்டாயிரம் தடவை சொன்ன பிறகு செபம் தானாக வாயில் ஓடியது. நான் அதற்குள் இல்லாமலே ஓடியது. கயிறு கையில் இருக்கும், கண் எங்கேயோ இருக்கும். இப்போதுதான் தொடங்கினோம் என்றிருக்கும், பத்து வந்திருக்கும். பயம் இருக்கிற வரைக்கும்தான் நேரம் நிறைய இருக்கும் போலிருக்கிறது மச்சான். பயம் போனதும் ஓட்டைப் பானைத் தண்ணீர் மாதிரி, எப்போது வடிந்தது என்றே தெரியாமல் போய்விடுகிறது. கொச்சிக்கு வந்த முதல் மழைக்காலத்தை நாள் நாளாக என்னால் சொல்ல முடியும். அதற்குப் பிந்தின ஒன்பது மழைக்காலமும் சேர்ந்து ஒரே மழையாகத்தான் ஞாபகத்தில் பெய்கிறது.

எனக்குப் பயம் போனதைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள், பாலத்தடியில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கும் மீன்குழம்பும் தின்றுகொண்டிருந்தபோது, கேட்காமலே ஒன்று சொன்னாய். "கீழ நேரம் நீளமா இருந்தா ஒண்ணுமில்ல மாப்ள, நெஞ்சு காத்து கேக்குதுன்னு அர்த்தம். நேரமே தெரியலைன்னா, அன்னைக்குத்தான் பயப்படணும்." உன் அப்பா சொன்னது என்றாய். உன் அப்பா அப்படி ஒருநாள் நேரம் தெரியாமல் இறங்கித் திரும்பி வராதவர் என்பது எனக்குத் தெரியும். நான் மீன் முள்ளை எடுத்துத் தண்ணீரில் எறிந்தேன்.

அந்தக் கடைசி நாலு மாதம். இதை நான் அக்காவிடம் சொன்னதே இல்லை.

நீ மேலே வந்ததும் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. "அதுக்குள்ள இழுத்துட்டியா? இப்பத்தானே போனேன்" என்று முதல் தடவை நீ சொன்னபோது நான் சிரித்தேன். ஒன்பது செபம் சொல்லி முடித்திருந்தேன். இரண்டாம் தடவை சொன்னபோதும் சிரித்தேன். மூன்றாம் தடவை உன் முகத்தைப் பார்த்தேன். மூச்சு வாங்கவே இல்லை மச்சான் உனக்கு. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் நல்ல தூக்கத்திலிருந்து எழுப்பின பிள்ளை மாதிரி, கொஞ்சம் கோபமாக, கொஞ்சம் பிரியமாக என்னைப் பார்த்தாய். இறங்குவதற்கு முன்னால் வேகவேகமாக நாற்பது ஐம்பது மூச்சு இழுத்து விடுகிற பழக்கத்தை யாரிடமிருந்தோ பிடித்திருந்தாய். அப்படிச் செய்தால் கீழே நெஞ்சு முட்டுவதே இல்லை என்றாய். "காத்தே வேண்டாம்னு தோணுது மாப்ள. எவ்வளவு சுகம் தெரியுமா" என்றாய். அப்போது உன் குரல் உன் குரலாக இல்லை. பகல் பதினொரு மணி வெயிலில் எனக்குக் கை மயிர் குத்திட்டு நின்றது.

அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவள் உன்னை ஒருநாள் விடமாட்டாள். நீ என்னோடு ஒரு மாதம் பேசமாட்டாய். அந்த ஒரு மாதத்துக்குப் பயந்தேன். கோழை என்று வேறு யாரும் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்றைய நாளுக்கு வருகிறேன். காற்றாடியில் வலை சுற்றின ஒரு பெரிய படகை இழுத்துக்கொண்டு வந்து கட்டியிருந்தார்கள். காலை பத்தரை இருக்கும். வேலியேற்றம் தொடங்கும் நேரம். கடல் தண்ணீர் லேசாக உள்ளே ஏறி வந்துகொண்டிருந்தது. நீ மூன்று தடவை இறங்கி முக்கால்வாசி அறுத்துவிட்டாய். நாலாவது தடவை, "இதோட முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல மூச்சை வேகவேகமாக இழுத்து விட்டாய். என்னைப் பார்க்காமல் இறங்கினாய். நான் செபத்தைத் தொடங்கினேன்.

அப்போது எதிரே ஒரு படகு வந்தது. அதில் கல்யாண ஜோடி ஒன்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. பெண்ணின் வெள்ளை முக்காடு காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் துடுப்பால் அதை எடுக்கப் பார்க்கிறான், கிட்ட வருகிறது, நழுவுகிறது. நம் படகில் நின்ற எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வாயில் செபம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரும்பி மனசுக்குள் பார்த்தபோது எண்ணிக்கையைக் காணோம். ஆறா, ஏழா?

இங்கேதான் மச்சான். சின்ன வயசில் அம்மா முழங்காலில் நிற்கவைத்துச் சொல்லித் தந்தது வந்து நின்றது. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணிலிருந்து சொல்லு, ஒன்று கூடினால் புண்ணியம், குறைந்தால் குறை. கோவிலில் அது சரிதான். முழங்காலில் நிற்கிறவனுக்கு அது சரிதான். நான் கொஞ்சமும் யோசிக்காமல், நல்ல கிறிஸ்தவனாக, ஆறு என்று வைத்துக்கொண்டேன். ஏழு சொன்னேன். முக்காடு மறுபடி நழுவியது. மறுபடி சந்தேகம் வந்தது. மறுபடி குறைந்ததையே எடுத்தேன். எத்தனை தடவை அப்படித் திரும்பினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு தடவை மட்டும்தானோ, மூன்று தடவையோ.

எட்டு என்று நான் நினைத்த இடத்தில் உன்னைக் கேட்டேன். ஒரு இழுப்பு.

பதில் வந்தது. ஒரே ஒரு இழுப்பு, மென்மையாக, அவசரமில்லாமல். அது என் உள்ளங்கையில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் நிம்மதியாக ஒன்பதும் பத்தும் சொன்னேன். நிம்மதியாக, மெதுவாகச் சொன்னேன். பிறகு இழுத்தேன். கயிறு வரவில்லை.

மூன்று பாகம், மூன்று ஆள் நீளம் கயிறுதான் உனக்கும் எனக்கும் நடுவில். படகை ஓட்டுகிற ஸ்ராங்கும் இன்னொருத்தரும் வந்து சேர்ந்து பிடித்தார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் முழுசாகச் செலவழித்து முடிக்கவில்லை. கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் தெரிந்தது. அதில் ஒட்டியிருந்த பாசி தெரிந்தது. ஸ்ராங்கின் மோதிரத்தில் இருந்த கல் தெரிந்தது. "சேட்டா, வலிக்கு! வலிக்கு!" என்று, இழு இழு என்று, மலையாளத்தில் யாரோ ஒரு வருஷத்துக்குக் கத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் வேறொருத்தர் தண்ணீரில் குதித்துத்தான் உன்னைக் கொண்டுவந்தார்.

அவரைத் தனியாகக் கூப்பிட்டு, கீழே கண்டதை மூன்று தடவை சொல்லக் கேட்டேன். உன் கயிறு சுக்கானைச் சுற்றி இறுகிக் கிடந்தது. உன் ஒரு கையில் கத்தி. இன்னொரு கை வலைக்குள் முழங்கை வரைக்கும் நுழைந்திருந்தது. கயிற்றின் பக்கத்தில் எந்தக் கையும் இல்லை. மேலேயிருந்து நான் எப்படி இழுத்திருந்தாலும் அது உன்னிடம் வந்திருக்காது. உன்னிடமிருந்து எனக்கும் வந்திருக்காது. வேலியேற்றத்தில் படகு அசைந்திருக்கும், சுக்கான் கொஞ்சம் திரும்பியிருக்கும் என்றார் அவர். இருக்கும். ஆனால் சுக்கானுக்கு உன் இழுப்பு எப்படித் தெரியும்? பத்து வருடம் பிடித்த கயிறு. உன் இழுப்பை நான் தூக்கத்திலும் அடையாளம் சொல்வேன்.

போலீஸ்காரர் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தர மினிட்டு?" நான், "பத்து அருள் நிறைந்த" என்றேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஸ்ராங்கு, "அஞ்சு மினிட்டெங்கிலும் ஆயிக்காணும்" என்றார், ஐந்தாவது ஆகியிருக்கும் என்று. பக்கத்தில் நின்றவர் இரண்டு என்றார். இன்னொருத்தர் பத்துக்குக் குறையாது என்று சத்தியம் செய்தார். எல்லாரும் ஒரே படகில், ஒரே வெயிலில் நின்றவர்கள். அத்தனை பேரும் முக்காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். காகிதத்தில் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

அதோடு கயிறு பிடிப்பதை விட்டேன். இப்போது காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவல் வேலை. உள்ளே போகிற வண்டிக்கும் வெளியே வருகிற வண்டிக்கும் நேரம் எழுதவேண்டும். நிமிடம் தவறக்கூடாது. கடவுளுக்குக் கிண்டல் அதிகம் என்று நீ சொல்வது சரிதான். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒவ்வொரு மணியும் நகராமல் கழுத்தில் உட்காரும். ஆனால் திரும்பிப் பார்த்தால் எட்டு வருடமும் ஒரு கைப்பிடியில் அடங்கிவிடுகிறது. அன்றைக்கு அந்தக் கயிற்றை இழுத்த நேரத்தில் பாதிகூட இந்த எட்டு வருடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ சிரிக்காதே. அந்த இழுப்பு நிற்கவில்லை. பஸ்ஸில் மேலே தொங்கும் வாரைப் பிடித்து நிற்கும்போது வரும். சந்தையில் பையைத் தூக்கி நடக்கும்போது வரும். கொடியில் துணி காயப்போடும்போது, காற்றே இல்லாத மத்தியானத்தில் வரும். ஒரே ஒரு இழுப்பு, மென்மையாக. முதலில் கையை உதறிப் பார்த்தேன். டாக்டரிடம் போனேன், நரம்பு என்று மாத்திரை தந்தார். மாத்திரை முடிந்தது, அது முடியவில்லை. முன்பெல்லாம் 'சுகமா' என்று நான் கேட்பேன், நீ பதில் சொல்வாய். இப்போது நீதான் கேட்கிறாய் என்று வைத்துக்கொண்டேன். பதில் இழுக்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் நிற்கிறவர்கள் விலகிக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தோம். பிள்ளை வேலைக்குப் போய்விட்டாள். அக்கா இறால் உரிக்கிற கம்பெனியிலிருந்து வாங்கிவந்த பொடி இறாலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "ஏல தம்பி, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்றாள்.

"என்னைக்கு?"

"உனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு எண்ணு தப்பினதுக்கு நீ அப்படிக் கத்தினியே. எட்டு வருஷமா நானும் கேக்கல, நீயும் சொல்லல. நான் உன்னை நம்பித்தான் அவுகளை அனுப்பினேன். எத்தனை நேரம் விட்ட?"

சொல்லிவிட்டேன் மச்சான். முக்காட்டைச் சொன்னேன். ஆறா ஏழா என்று தெரியாமல் போனதைச் சொன்னேன். அம்மா சொல்லித்தந்தபடி குறைந்த எண்ணை எடுத்ததைச் சொன்னேன். நீ நாலு மாதமாக நேரம் தெரியாமல் இருந்ததை, நான் மறைத்ததைச் சொன்னேன். அந்த இழுப்பை மட்டும் சொல்லவில்லை. அது நமக்குள் இருக்கட்டும். அக்கா இறாலை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். ஓட்டப்பந்தயத்துக்கு நேரம் பார்ப்பார்களே, அதைப் பிள்ளை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு" என்றாள். "அதே வேகம். எங்க தப்பினியோ அங்க தப்பு. நான் பாக்கேன்."

"வேண்டாம்க்கா."

"எனக்குத் தெரியணும்ல. நான் அவுக பொண்டாட்டில்ல?"

கண்ணை மூடினேன். முதல் செபம் சொன்னேன். மூன்றாவதில் வெயில் முதுகில் பட்டது. வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் பட்டது. சுக்கு நெடி போய் டீசல் நெடி வந்தது. முக்காடு வந்தது, நழுவியது, எல்லாரும் சிரித்தோம். ஆறில் தப்பினேன். திரும்பினேன். மறுபடி தப்பினேன். எட்டில் என் வலது கை தானாக ஒரு இழுப்பு இழுத்தது. பதில் வந்தது. அதே மென்மை. நான் ஒன்பது சொன்னேன், நிம்மதியாக. பத்து சொன்னேன். கண்ணைத் திறந்தபோது எனக்குச் சட்டெனப் போன மாதிரியும் இருந்தது, அறையில் வெளிச்சம் இடம் மாறியிருந்த மாதிரியும் இருந்தது. எது சரியென்று தெரியவில்லை. ஆய்ந்து வைத்த இறாலில் ஈ மொய்த்திருந்தது. அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"எத்தனை?" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு நிமிஷம்" என்றாள். "சரியா மூணு. அவுக எப்பவும் இருக்கிற நேரந்தான். நீ சரியாத்தான் இழுத்திருக்க. போ, போய்க் குளி, சோறு வடிக்கேன்."

எழுந்து சமையலறைக்குப் போனாள். போன் பாயில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். அக்கா அதைத் தொடங்கவே இல்லை மச்சான். வரிசையாக எல்லாம் பூஜ்யம்.

அவள் பொத்தானை அழுத்த மறந்தாளா, வேண்டாமென்று விட்டாளா, நான் கேட்கவில்லை. உள்ளே அரிசி களையும் சத்தம் கேட்டது. போனை எடுத்த மாதிரியே கவிழ்த்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். சாப்பிடும்போது எனக்குத்தான் நிறைய இறால் வைத்தாள். கூடப்பிறந்தவளைப் பற்றிப் பெரியவர்கள் யோசித்து வைத்ததில் பாதிதான் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று வேலையிடத்தில், கூடக் காவல் பார்க்கும் மலையாளி சேட்டன் பேச்சோடு பேச்சாக, என் மச்சான் தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எனக்கு நாக்குக் குழறவில்லை. மூன்று நிமிடம் என்றேன்.